கரும்பும் பல்லும்

கொள்ளிட ஆற்றின் வடகரையில், திருச்சிராப்பள்ளியிலிருந்து விழுப்புரம் செல்லும் இருப்புப்பாதையின்மீது அமைந்துள்ள ஊர் லால்குடி. திருத்தவத்துறை என்பது அதன் பழம்பெயர். காவிரி நீர் வாய்க்கால்களின் வழியே பாயும் அவ்வூரைச் சுற்றிலும் நெல்லும் வாழையும் கரும்பும் செழித்து விளைகின்றன. அண்மையிலுள்ள காட்டூரில் சர்க்கரை ஆலை ஒன்றும் உண்டு. இனிப்புக்குக் குறைவில்லாத இவ்வட்டாரத்தில் ஐப்பசியில் தொடங்கும் பலகாரப் பருவம் தைத் திங்களில்தான் ஓய்கின்றது. தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும், திருக்கார்த்திகைக்குப் பொரியுருண்டை, மார்கழி வைகறையில் கோயிற் பொங்கல், அரையாண்டு விடுமுறையில் உறவினர் வருகை, வைகுண்ட ஏகாதசிக்குக் கொள்ளிடத்தைக் கடந்து திருவரங்கப் பயணம், இறுதியில் தைப்பொங்கலும் கட்டுக்கட்டாய்க் கரும்பும்.

இம்மூன்று திங்களிலும் வீட்டில் ஓய்வின்றி உழைக்கும் உறுப்பு பல்லே ஆகும். அடுப்படியில் நிற்பவர் கைக்கேனும் பிற்பகலில் சிறிது ஓய்வு கிடைக்கும். சிறுவருடைய பல்லுக்கு அதுவும் கிடைப்பதில்லை. கூடத்து அலமாரியில் பலகாரச் சம்படம் இருக்கின்றது. எழுந்ததும் ஒரு முறை, விளையாடப் போகுமுன் ஒரு முறை, திரும்பியதும் ஒரு முறை, அத்தை மகன் எடுக்கும்போது அவனுக்குத் துணையாக ஒரு முறை என்று அதன் மூடி திறந்த வண்ணமே இருக்கும். “ஒன்றே ஒன்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்” என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்லியிருப்பார். சிறுவரும் அச்சொல்லை மீறுவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்றுதான் எடுக்கின்றனர். கேடு விளைவது இங்கேதான்.

பல்லின் மேற்புறத்தைப் போர்த்திருக்கும் எனாமல் என்னும் வெண்மையான உறை, மனித உடலிலுள்ள பொருள்கள் யாவற்றினும் கடினமானது. எலும்பும் அதற்கு ஈடாகாது. எனினும், முறிந்த எலும்பு கூடி வளர்வது போல, உடைந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அத்துணைக் கடினமான பொருளை ஒரு துண்டு வெல்லம் எவ்வாறு அரிக்க இயலும்? சொத்தைப் பல்லுக்குள் புழு இருப்பதாக முன்னாளில் பல நாட்டினரும் நம்பினர். கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு, அப்புகையை வாயில் ஏற்றுப் புழுவை வெளியேற்ற முயலும் வழக்கம் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இருந்தது. பெர்லின் நகரில் பணியாற்றிய மில்லர் என்னும் அமெரிக்க அறிஞர் 1890-இல் வெளியிட்ட நூல் உண்மைக் காரணத்தை விளக்கியது. பல்லின்மேல் பசைபோலப் படியும் மெல்லிய படலத்தில் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. மனிதர் உண்ணும் இனிப்பையும் மாவுப்பொருளையும் அவையும் உண்டு, அமிலத்தை வெளியிடுகின்றன. அவ்வமிலமே எனாமலிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது.

இக்கேட்டுக்கு மாற்று மருந்தும் வாயிலேயே ஊறுகின்றது. உமிழ்நீர் அமிலத்தின் வேகத்தைத் தணித்து, கரைந்த சுண்ணச் சத்தை மீண்டும் பல்லிற் சேர்க்கின்றது. ஆனால், இப்பணியை முடிக்க அதற்கு ஏறத்தாழ அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும். அதற்குள் சம்படத்தின் மூடி மறுபடியும் திறக்குமாயின், உமிழ்நீர் தன் வேலையை முதலிலிருந்து தொடங்கவேண்டியதாகின்றது. நான்கு அதிரசங்களை நண்பகல் உணவோடு ஒருங்கே உண்டவன் பல் ஒரு முறை அமிலத்தில் நனைகின்றது. அதே நான்கினை நான்கு வேளைகளில் உண்டவன் பல் நான்கு முறை நனைகின்றது. உண்ட அளவு ஒன்றே, விளைவு ஒன்றன்று.

இவ்வுண்மை ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்ட வரலாறு இன்பமானதன்று. சுவீடன் நாட்டில் லுண்டு நகரத்தை அடுத்து, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கென விப்பேஹோல்ம் என்னும் மருத்துவமனை இருந்தது. 1945 முதல் அங்கிருந்தோரிடம் பற்சொத்தை பற்றிய ஆராய்ச்சி நடத்தப்பட்டது. 436 பேர் பல குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் உணவு வேளையில் சர்க்கரைக் கரைசலைப் பருகினர். மற்றொரு குழுவினருக்குப் பல்லில் ஒட்டிக்கொள்ளும் மிட்டாய்கள், உணவு வேளைகளுக்கு இடையே, நாளொன்றுக்கு 24 வரை கொடுக்கப்பட்டன. முன்னவர்க்குச் சொத்தை சிறிதளவே கூடிற்று. பின்னவர்க்கோ பற்கள் விரைந்து கெட்டன. முடிவுகள் 1954-இல் வெளிவந்தன. குழந்தைகளுக்கு வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை மட்டும் இனிப்பு அளிக்கும் வழக்கம் பின்னர் அந்நாட்டில் பரவியது. ஆயினும், மிட்டாய் உண்டு பல்லிழந்த அந்நோயாளிகளிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. மறுத்துரைக்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. இன்று உலகெங்கும் பல் மருத்துவர் கூறும் அறிவுரையில் அவர்களுடைய வலி கலந்திருக்கின்றது.

ஆகவே, பண்டிகை நாளில் பலகாரத்தை அறவே விலக்கவேண்டுவதில்லை. அதற்கு ஒரு வேளையைக் குறித்தால் போதும். உணவின் முடிவில் இலையிலேயே இனிப்பைப் பரிமாறிவிட்டு, சம்படத்தைப் பரணில் ஏற்றிவிடும் வீட்டில் பற்கள் பிழைக்கின்றன. இடைவேளையில் பசித்தால் வேர்க்கடலையோ சுண்டலோ உண்ணலாம். முறுக்கு இனிப்பன்று என்று எண்ணி நாள் முழுதும் கொறிப்பதும் தவறு. அரிசி மாவு கடைவாய்ப் பற்களின் குழிகளில் அப்பிக்கொண்டு நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றது. கமர்கட்டும் கடலைமிட்டாயும் வாயில் நெடுநேரம் தங்குவதால் பெருங்கேடு செய்வன. பொருள்விளங்கா உருண்டையின் குற்றம் வேறு வகையானது. வல்லவர் பிடித்த உருண்டையை உடைக்க அம்மிக் குழவியே வேண்டும்! சொத்தையை அடைத்துக்கொண்ட பல்லையும், முதியோரின் கட்டுப்பல்லையும் அதனிடம் சோதித்தல் ஆகாது.

கரும்பைப் பற்றிச் சிலர், “அது பல்லைத் துலக்கும், கேடு செய்யாது” என்பர். நாரை மெல்லும்போது உமிழ்நீர் மிகுதியாய்ச் சுரக்கின்றது என்பது மெய்யே. ஆயினும், அச்சாறு முழுதும் சர்க்கரையே ஆதலின், திண்ணையில் அமர்ந்து மாலைவரை கரும்பு கடித்தல் மிட்டாயைச் சுவைப்பதற்கு ஒப்பாகும். ஒரு கழியை ஒரே வேளையில் தின்று முடித்து, நீரால் நன்றாக வாய் கொப்பளிக்க வேண்டும். கணு மிகக் கடினமானது. அதை அரிவாளால் நறுக்கி எறிந்துவிடுதல் நன்று. பால்பல் ஆடும் பருவத்துச் சிறுவருக்குத் தோல் சீவிச் சிறு துண்டுகளாக்கித் தருவர் அறிந்த தாய்மார். கடைத்தெருவில் எலுமிச்சை பிழிந்து தரும் கரும்புச் சாற்றைப் பருகியவுடன் பல் துலக்குதல் கூடாது. அமிலத்தால் இளகிய எனாமலைத் தூரிகை தேய்த்துவிடும். அரை மணி நேரம் பொறுத்தல் வேண்டும்.

ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்பது பழமொழி. இங்கு வேல் என்பது கருவேலங் குச்சியைக் குறிக்கும். அக்குச்சிகளை மென்று பல் துலக்கிய முன்னோர்க்கு இன்றுள்ள அளவு சர்க்கரை கிட்டவில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். இக்காலத்தில் ஃபுளோரைடு கலந்த பற்பசையே எனாமலுக்குச் சிறந்த காவல். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவும், அதற்கு மேல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவும் போதுமானவை. செங்கற்பொடியும் கரித்தூளும் பல்லை வெண்மையாக்குவது போலத் தோன்றினும், எனாமலைத் தேய்த்துவிடுகின்றன. காலையினும் இரவே முதன்மையானது. ஏனெனில், உறங்கும்போது உமிழ்நீர் வற்றிவிடுகின்றது. திருவரங்கம் சென்று களைத்து வந்த இரவிலும், உறவினர் நிறைந்து பாய் விரித்த இரவிலும் மறக்கப்படுவது இக்கடமையே. விருந்தினர் மிகுந்த வீட்டில் ஒருவர் தூரிகையை மற்றொருவர் எடுத்தலும் நேர்கின்றது, அது தீது.

பெரியோர் செய்தி சற்று வேறானது. நீரிழிவு உடையோர்க்கு ஈறுகள் எளிதில் நோயுறும். ஈற்றில் குருதி கசிந்தால் பொங்கல் கழியட்டும் என்று காத்திராமல் மருத்துவரைக் காணல் வேண்டும். விருந்துக்குப்பின் தரிக்கும் தாம்பூலத்திலுள்ள பாக்கு வாய்ப்புற்றை விளைவிக்க வல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவாண்மை அறிவித்துள்ளது. புகையிலையும் சேர்ந்தால் கேடு பெருகும்.

விடுமுறைக்கே உரிய மற்றோர் இடர் உண்டு. மாட்டுப் பொங்கலன்று தெருவெல்லாம் ஓடித் திரியும் சிறுவருள் ஒருவன் படிக்கட்டில் இடறி விழ, முன்பல் வேரோடு பெயர்ந்துவிடுதல் உண்டு. பல் போயிற்றே என்று அழுது காலம் கழித்தல் கூடாது. அது நிலைப்பல்லாயின் மீட்க இயலும். வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, மண் ஒட்டியிருந்தால் பாலினாலோ தூய நீரினாலோ மெல்லக் கழுவி, அதே குழியில் பொருத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேய்த்தலும் சுரண்டுதலும் ஆகா. பொருத்த இயலாவிடின், பால் நிறைந்த குவளையில் இட்டு, அரை மணி நேரத்திற்குள், மிகினும் ஒரு மணி நேரத்திற்குள், பல் மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும். பொங்கலன்று பாலில்லாத வீடு ஏது? வேரின்மேல் உள்ள உயிரணுக்கள் உலர்ந்து மடியுமுன் பல் குழியை அடைந்தால் மீண்டும் அது பற்றிக்கொள்ளக்கூடும்.

பெயர்ந்தது பால்பல்லாயின் திரும்பப் பொருத்தலாகாது. அடியில் வளரும் நிலைப்பல் ஊறுபடும். தானே விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நாட்டு வழக்கம். அடிபட்டு விழுந்த பல்லையும் அவ்வாறே எறிந்துவிடாமல், பால்பல்லா நிலைப்பல்லா என்று பெரியோர் ஒருவர் முதலில் நோக்குதல் வேண்டும்.