பச்சை ஏரியும் வெள்ளைப் பொடியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் பகுதியில் எத்திசை சென்றாலும் ஓர் ஏரி உண்டு. கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் கோடையில் தண்ணீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் மாறுவதைக் கண்டிருக்கிறோம். கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு நல்ல உரம். அந்த நீரைத்தான் கரையில் மேயும் ஆடுமாடுகள் குடிக்கின்றன.

பச்சை நீரெல்லாம் நச்சுநீர் அன்று. ஆனால் கண்ணால் பார்த்து வேறுபாடு சொல்ல இயலாது. நீலப்பச்சைப் பாசி என நாம் அழைப்பது உண்மையில் ஒருவகை பாக்டீரியா. அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை, கல்லீரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சை உண்டாக்க வல்லவை. 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில், இரத்தச் சுத்திகரிப்புக்குப் பயன்படுத்திய நீரில் இந்நஞ்சு இருந்தமையால் ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் மாண்டனர். குடிநீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்பதே இதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு.

காய்ச்சிக் குடித்தால் போயிற்று என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இங்கே அது பலிக்காது. கொதிக்கும்போது பாசியின் செல்கள் வெடித்து, உள்ளே அடங்கியிருந்த நஞ்சும் நீரில் இறங்கிவிடும். நஞ்சோ கொதிநிலையைத் தாங்கும்.

வெப்பம் செய்யாததை ஒளி செய்கிறது. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டில் சேரும் டைட்டானியம் டை ஆக்சைடுதான் அதற்குத் துணை. (அதன் தாதுவான இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் கிடைக்கிறது!) 1972-இல் ஜப்பானியரான புஜிஷிமாவும் ஹோண்டாவும் இப்பொருள் ஒளி பட்டு நீரையே பிரிப்பதை உலகுக்கு அறிவித்தனர். புறஊதாக் கதிர் விழுந்ததும் பொடியிலுள்ள எலக்ட்ரான் ஒன்று துள்ளி எழ, அதன் இடம் காலியாகிறது. அக்காலியிடம் அருகிலுள்ள நீரிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்க, ஹைட்ராக்சில் உறுப்பு பிறக்கிறது. அது அகப்பட்ட கரிமப் பொருளையெல்லாம் உடைக்கும். மைக்ரோசிஸ்டின், ஏழு அமினோ அமிலங்கள் கைகோத்த வளையம். அதில் ஒன்றுக்கு நீண்ட வால் உண்டு. நஞ்சின் வலிமைக்கு அந்த வால் இன்றியமையாதது. வால் சிதைந்தால் நஞ்சு அடங்கும். இம்முறையில் மைக்ரோசிஸ்டினை அழிக்கலாம் என ஸ்காட்லாந்தின் இராபர்ட் கார்டன் பல்கலைக்கழகத்தார் 1997-இல் காட்டினர்.

பின் ஏன் ஏரியில் மூட்டை மூட்டையாகக் கொட்டக்கூடாது? வெயிலில் புறஊதாக் கதிர் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து பங்கே. கலங்கல் நீர் அதையும் மறைத்துவிடும். கலந்த பொடியைத் திரும்ப எடுப்பது அதைவிடத் தொல்லை. ஆகவே கண்ணாடியின்மேல் பொடியைப் பூசி, முன்பே வடிகட்டிய நீரை அதன்மீது மெல்லிய படலமாக ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். நஞ்சை நீக்க, சுத்திகரிப்பு நிலையங்களில் கிளர்வுற்ற கரியும் ஓசோனுமே பெரிதும் பயன்படுகின்றன.

எங்களை மிகவும் வியக்கவைத்தது வேறொன்று. தெளிந்த நீரில் வெறும் வெயில் மைக்ரோசிஸ்டினை அவ்வளவாக அசைப்பதில்லை. பாசியின் நிறமி உடன் இருந்தாலோ அதே வெயிலில் நஞ்சு சிதைகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1994-இல் கண்டனர். நிறமி ஒளியை வாங்கி வேலையைத் தொடங்கி வைக்கிறது. ஆய்வகத்தில் வெள்ளைப் பொடி நிமிடக் கணக்கில் முடிப்பதை, ஏரியின் பச்சை பல நாட்கள் எடுத்துக்கொண்டு செய்கிறது.