நாஸ் பெட்டி நிறைகிறதா? டிஸ்க் வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

வீட்டில் இரண்டு மொபைல் போன், ஒரு லேப்டாப், ஒரு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர். இவற்றில் சிதறிக் கிடந்த போட்டோக்களையும் வீடியோக்களையும் ஓரிடத்தில் சேர்க்க ஒரு நாஸ் பெட்டி வாங்கி, ரவுட்டருடன் இணைத்துவிட்டீர்கள். ஓரிரு ஆண்டுகள் எந்தத் தொல்லையும் இல்லை. ஒரு நாள், இடம் குறைந்து வருவதாக எச்சரிக்கை வருகிறது. உடனே கடைக்குப் போய், கையில் உள்ள பணத்திற்குக் கிடைக்கும் பெரிய ஹார்ட் டிஸ்க்கை வாங்கி வந்து மாட்டிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் அப்படித்தான் செய்தார். பெட்டியில் இருந்த இரண்டு பழைய டிஸ்க்குகளில் ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டினார். கழற்றியதை அன்றே பார்மட் செய்து டெஸ்க்டாப்பில் போட்டுக் கொண்டார். புதிய டிஸ்க்கில் தகவல்கள் பதிவாகிக் கொண்டிருந்த அந்த இரவில், மீதி இருந்த பழைய டிஸ்க் நின்றுபோனது. மகள் பிறந்த நாள் முதல் பள்ளியில் சேர்ந்த நாள் வரை எடுத்த போட்டோக்களில், மொபைல் போனில் மிஞ்சியிருந்த சில நூறுதான் கிடைத்தன.

இடத்தை அதிகரிக்கும் வேலையில் கடினமானது எதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஒரு கணக்கும் ஒரு வரிசையும் உண்டு. அவற்றை இங்கு பார்ப்போம்.

நாஸ் என்பது என்ன?

நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கமே நாஸ். இது ஹார்ட் டிஸ்க்குகளைக் கொண்ட, தனக்கென ஒரு ப்ராசசரும் ஆப்பரேட்டிங் சிஸ்டமும் உள்ள ஒரு சிறிய கம்ப்யூட்டர். வீட்டில் உள்ள எல்லாச் சாதனங்களும் நெட்வொர்க் வழியே இதில் பைல்களைப் பதியலாம், எடுக்கலாம். வீடுகளில் அதிகம் காணப்படுவது இரண்டு டிஸ்க் போடும் பெட்டி. நான்கு டிஸ்க் போடும் பெட்டிகளும் உண்டு.

அட்டையில் ஒன்று, திரையில் ஒன்று

2 டெராபைட் டிஸ்க் வாங்கினேன், திரையில் 1.81 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று பலர் கேட்கிறார்கள். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு டெராபைட் என்றால் ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸும் பல நாஸ் பெட்டிகளும் 1024இன் மடங்குகளில் கணக்கிடுகின்றன. அந்தக் கணக்கில் ஒரு டெராபைட் சுமார் பத்து சதவீதம் பெரியது. எனவே அதே டிஸ்க் சிறிய எண்ணாகத் தெரிகிறது. 4 டெராபைட் டிஸ்க் 3.63 ஆகவும், 6 டெராபைட் டிஸ்க் 5.45 ஆகவும் தெரியும். திட்டமிடும்போது எப்போதும் திரையில் தெரியும் எண்ணையே எடுத்துக் கொள்ளுங்கள்.

ரெய்டு எடுத்துக்கொள்ளும் பங்கு

அடுத்ததாக ரெய்டு. விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்கிற்குப் பதிலாக, விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார்கள். ரெய்டு என்ற பெயர் அதில் வந்ததுதான்.

இரண்டு டிஸ்க் பெட்டிகளில் வழக்கமாக ரெய்டு 1 இருக்கும். எழுதும் ஒவ்வொரு பைலும் இரண்டு டிஸ்க்கிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் இரண்டு டிஸ்க் வாங்கினாலும் ஒன்றின் இடம்தான் கிடைக்கும். ரெய்டு 5 என்றால் குறைந்தது மூன்று டிஸ்க் வேண்டும். ஒரு டிஸ்க் அளவு இடம் பாதுகாப்பிற்குப் போய்விடும். நான்கு 4 டெராபைட் டிஸ்க் போட்டால் 12 டெராபைட் கிடைக்கும்.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். வெவ்வேறு அளவு டிஸ்க்குகளைச் சேர்த்தால், சாதாரண ரெய்டு அவற்றில் மிகச் சிறியதன் அளவையே எல்லாவற்றிற்கும் எடுத்துக் கொள்ளும். ரெய்டு 1இல் ஒரு 2 டெராபைட்டும் ஒரு 6 டெராபைட்டும் இருந்தால் கிடைப்பது 2 டெராபைட்தான். ஒரு டிஸ்க்கை மட்டும் மாற்றினால் ஒரு மெகாபைட் கூட அதிகரிக்காது. இரண்டையும் மாற்ற வேண்டும். ஆகவே பட்ஜெட் போடும்போதே இரண்டு டிஸ்க்கின் விலையைப் போடுங்கள்.

எவ்வளவு இடம் தேவை?

முதலில், உள்ள இடத்தைச் சுத்தம் செய்திடுங்கள். நாஸ் பெட்டியில் அழித்த பைல்கள் அதன் ரீசைக்கிள் பின் போல்டரிலோ, ஸ்னாப்ஷாட்களிலோ இடத்தைப் பிடித்துக் கொண்டிருக்கலாம். ஒரே போட்டோ இரண்டு மூன்று போல்டர்களில் இருக்கலாம். சுத்தம் செய்த பிறகு கீழ்க்கண்டவாறு கணக்கிடுங்கள்.

1. இன்று பயன்படுத்தியுள்ள இடம்: 1.4 டெராபைட் என வைத்துக் கொள்வோம்.

2. கடந்த ஓராண்டில் அதிகரித்தது: 0.4 டெராபைட். இது தெரியாவிட்டால், இன்றைய அளவை ஒரு நோட்டில் தேதியுடன் எழுதி வைத்து, இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். வித்தியாசத்தை ஆறால் பெருக்கினால் ஓராண்டுக் கணக்கு.

3. வருங்கால வளர்ச்சி: பழைய வேகத்தை அப்படியே எடுக்கக் கூடாது. மொபைல் போனில் 4கே வீடியோ எடுத்தால், பதியும் முறையைப் பொறுத்து நிமிடத்திற்குச் சுமார் 170 முதல் 350 மெகாபைட் வரை ஆகும். ஒரு மணி நேரக் கல்யாண வீடியோவே 10 முதல் 21 கிகாபைட். எனவே பாதி கூட்டி, ஆண்டுக்கு 0.6 டெராபைட் என்று வைப்போம். மூன்று ஆண்டுக்கு 1.8.

4. மொத்தம்: 1.4 உடன் 1.8 கூட்டினால் 3.2 டெராபைட்.

5. காலி இடம்: டிஸ்க்கை விளிம்பு வரை நிரப்பினால் வேகம் குறையும், ஸ்னாப்ஷாட் போன்ற வசதிகளுக்கும் இடம் இருக்காது. ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். 3.2ஐ 0.8ஆல் வகுத்தால் 4.0.

ஆக, திரையில் 4.0 தெரிய வேண்டும். 4 டெராபைட் டிஸ்க் 3.63 தான் காட்டும், போதாது. 6 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினால் இதே வேகத்தில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் தாங்கும். அதற்கும் பெரியதை இன்றே வாங்கிப் பணத்தை முடக்கத் தேவையில்லை.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* உங்கள் பெட்டி எவ்வளவு பெரிய டிஸ்க்கை ஏற்கும் என்று தயாரிப்பாளரின் பட்டியலில் பாருங்கள். பழைய 32 பிட் ப்ராசசர் கொண்ட பெட்டிகள் பலவற்றில் ஒரு வால்யூம் 16 டெராபைட்டைத் தாண்ட முடியாது.

* இரவும் பகலும் ஓடுவதற்கென உருவாக்கப்பட்ட நாஸ் வகை டிஸ்க்கையே வாங்குங்கள்.

* எஸ்.எம்.ஆர். வகையைத் தவிர்த்து, சி.எம்.ஆர். வகையைக் கேளுங்கள். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் பதிவுத் தடங்கள் கூரை ஓடுகள் போல ஒன்றன் மேல் ஒன்று சிறிது படிந்திருக்கும். ஓர் இடத்தை மாற்றி எழுத, பக்கத்துத் தடங்களையும் மீண்டும் எழுத வேண்டும். ரெய்டில் இது பெரும் தாமதம் தரும். நாஸ் பெட்டிகளுக்கென விற்கப்பட்ட சில டிஸ்க்குகளே இந்த வகை என்பது 2020இல் வெளியாகிப் பெரும் சர்ச்சையானது. எனவே மாடல் எண்ணைப் பார்த்து உறுதி செய்திடுங்கள்.

மாற்றும் வரிசை

முதல் வேலை பேக்கப். வெளியே இணைக்கும் யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் காப்பி செய்து, வெவ்வேறு போல்டர்களில் இருந்து பத்து இருபது பைல்களைத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப் அல்ல. ரெய்டு இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். நீங்கள் தவறுதலாக அழிக்கும் பைலை ரெய்டு இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும்.

இரண்டாவதாக, நாஸ் மெனுவில் உள்ள ஸ்மார்ட் சோதனையை முழு அளவில் பழைய டிஸ்க்குகள் இரண்டிற்கும் நடத்துங்கள். ஒன்றில் பிழை காட்டினால், அதையே முதலில் கழற்ற வேண்டும். எது என்று சீரியல் எண்ணைப் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பெட்டியை யு.பி.எஸ்.ஸில் இணைத்து, ஒரு டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள். பெட்டி ஓடும்போதே கழற்றலாமா, அணைக்க வேண்டுமா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக் கொள்ளுங்கள். இனி ரீபில்ட் தொடங்கும். அதாவது, பழைய டிஸ்க்கில் உள்ளதெல்லாம் புதியதில் பதியும். பழைய டிஸ்க்கை விநாடிக்கு 120 மெகாபைட் வேகத்தில் படித்தால், 2 டெராபைட்டுக்கு நான்கரை மணி நேரத்திற்கு மேல் ஆகும். 8 டெராபைட் என்றால் பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். இடையில் நீங்கள் பைல்களைப் பயன்படுத்தினால் இன்னும் நீளும். நண்பர் மாட்டிக் கொண்டது இந்த நேரத்தில்தான். பல ஆண்டு உழைத்த ஒரே டிஸ்க், ஓய்வின்றி முதலிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகிறது. பெட்டிக்குள் உங்கள் பைல்களுக்கு அது ஒன்றுதான் ஆதாரம்.

நான்காவதாக, ரீபில்ட் முடிந்து, நிலை சரியாக உள்ளது என்று பெட்டி காட்டிய பிறகே இரண்டாவது டிஸ்க்கை மாற்றுங்கள். அதுவும் முடிந்த பின், மெனுவில் வால்யூமைப் பெரிதாக்கும் கட்டளை கொடுத்தால் புதிய இடம் தெரியும். சில பெட்டிகள் தாமாகவே இதைச் செய்துவிடும்.

கடைசியாக, கழற்றிய இரண்டு டிஸ்க்குகளையும் தேதி எழுதி ஒட்டி, குறைந்தது ஒரு மாதம் அலமாரியில் வையுங்கள். பார்மட் செய்திட வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். நண்பர் அந்த ஒரு டிஸ்க்கைத் தொடாமல் வைத்திருந்தால், மறுநாள் காலையிலேயே எல்லாப் போட்டோக்களும் திரும்பி வந்திருக்கும்.