நிலத்தின் மேடு பள்ளம் காட்டும் படங்கள்: கோட்டுப்படமா, கட்டப்படமா?

பிள்ளையார்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் நஞ்சைச் சாகுபடி பெரும்பாலும் மழையையும் கண்மாயையும் நம்பியது என்பது யாவரும் அறிந்ததே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழைநீர் வரத்துக்கால் வழியே கண்மாயை அடைவதற்கும், மடை திறந்தபின் வயலுக்குப் பாய்வதற்கும் நிலத்திலுள்ள சிறு வாட்டமே காரணம். அவ்வாட்டத்தை அறிய வேண்டி, இணையத்தில் கிடைக்கும் நிலப்படங்களை நாடும் குடியானவர்கள் இந்நாளில் பலர். பண்ணைக்குட்டை வெட்டவும், கால்வாய் தூர் வாரவும், எல்லை காணவும் ஒரே படத்தை உபயோகித்தால் பணமும் நீரும் வீணாகும். ஆகையால் எக்காரியத்திற்கு எப்படம் ஏற்றது என்பதை இங்கு விளக்குவோம்.

இருவகைப் படங்கள்

வெக்டர் எனப்படும் கோட்டுப்படம், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கொண்டது. நமது புலப்படம் இவ்வகையைச் சார்ந்ததே. நான்கு மூலையுள்ள வயலுக்கு நான்கு புள்ளிகளின் அளவு போதும். எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் கோடு சிதையாது. நிலத்தின் உயரத்தை இவ்வகையில் காட்டுவதற்குச் சமவுயரக் கோடுகள் உபயோகமாகின்றன. அதாவது, ஒரே உயரமுள்ள இடங்களை ஒரே கோட்டால் இணைப்பது.

ராஸ்டர் எனப்படும் கட்டப்படம், நிலம் முழுவதையும் சதுரங்கப் பலகைபோல் சம கட்டங்களாகப் பிரித்து, கட்டத்திற்கு ஓர் எண் தருவது. அவ்வெண் அவ்விடத்தின் உயரத்தைக் குறிக்கும். எண்ணுக்கேற்ற நிறமும் நிழலும் இட்டால் மேடு பள்ளம் கண்ணுக்கு எளிதில் புலப்படும். மிகப் பெரிதாக்கினால் கட்டங்களே தெரியும்.

கட்டத்தின் அளவு

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அமெரிக்க விண்கலம் ஒன்று ரேடார் மூலம் உலகின் பெரும்பகுதியை அளந்தது. 2005-இல் ஏவப்பட்ட நமது கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளின் படங்களிலிருந்தும் உயரப்படம் தயாரிக்கப்பட்டது. இவை பொதுவாக 30 மீட்டர் கட்டங்களாகக் கிடைக்கின்றன. 30 மீட்டர் கட்டம் ஒன்றின் விஸ்தீரணம் 900 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 22 செண்டு. ஓர் ஏக்கர் நிலத்திற்கு நாலரைக் கட்டமே அமையும். நாலரை எண்களைக் கொண்டு ஓர் ஏக்கரின் வாட்டத்தைத் தீர்மானிப்பது எங்ஙனம்? மேலும் அந்த ரேடார் அளவில் உயரம் முழு மீட்டர்களாகவே பதிவாகியுள்ளது; பிழையோ சில மீட்டர் வரை இருக்கக்கூடும். நமது வயல்களின் வாட்டமோ பலவிடத்தில் ஒரு மீட்டருக்கும் குறைவு.

இதனால் குன்றக்குடி மலையைப் போன்ற குன்று இப்படங்களில் தெரிந்துவிடும். சில மீட்டர் அகலமே உள்ள கண்மாய்க் கரை மறைந்துவிடும். அன்றியும், இவ்வளவுகள் மேலிருந்து எடுக்கப்பட்டவை. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் மரத்தலைகளின் உயரம் தரையின் உயரத்தோடு சேர்ந்துவிடும். நீர் நின்றிருந்தால் நீர்மட்டமே பதிவாகுமன்றி அடிமட்டம் பதிவாகாது. எனவே கண்மாயின் கொள்ளளவை இப்படங்களைக் கொண்டு கணக்கிடுதல் கூடாது.

கோட்டின் தெளிவு

அங்ஙனமாயின் கோட்டுப்படமே சிறந்ததென்று எண்ணலாகாது. கோடு தெளிவாயிருப்பது வேறு, உண்மையாயிருப்பது வேறு. 1:50,000 அளவையுள்ள இந்திய நில அளவைத் துறைப் படங்களில் சமவுயரக் கோடுகள் பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்று வீதம் வரையப்பட்டுள்ளன. அப்படத்தில் அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள கோடு தரையில் 25 மீட்டரை மூடும். அதை இணையத்தில் ஏற்றிப் பன்மடங்கு பெரிதாக்கினால் மயிரிழைபோல் கூர்மையாகத் தோன்றும். ஆயினும் அளவின் நயம் சிறிதும் கூடியிராது. அத்தகைய கோட்டைக் காட்டி வரப்புத் தகராறு தீர்க்க முற்படுவது தவறு.

இணையத்தில் காட்டும்போது

கட்டப்படங்கள் வழக்கமாக 256 புள்ளி நீள அகலமுள்ள துண்டுகளாக அனுப்பப்படுகின்றன. ஒரு படி பெரிதாக்கினால் அதே நிலத்திற்கு நான்கு மடங்கு துண்டுகள் தேவை. சமநிலத்தில் புல எல்லைகளைக் கோட்டுப்படமாய் அனுப்புதல் மிக இலகு. பழனி மலை போன்ற இடங்களிலோ, நெருங்கி வளையும் சமவுயரக் கோடுகளுக்கு எண்ணற்ற புள்ளிகள் வேண்டுமாதலால் கட்டப்படமே அனுகூலம்.

நிறத்தையும் கவனிக்க வேண்டும். கடல் மட்டம் முதல் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா வரை ஒரே நிற வரிசை இட்டால் செட்டிநாடு முழுவதும் ஒரே பச்சையாய்த் தோன்றும். தமது கிராமத்தின் தாழ்ந்த இடத்திற்கும் உயர்ந்த இடத்திற்கும் இடையே நிறத்தைப் பங்கிட்டால்தான் நீரோட்டத்தின் பொதுப்போக்கு விளங்கும்.

கைக்கொள்ள வேண்டியவை

1. எல்லை, வரப்பு, மடை, கலிங்கு, வரத்துக்கால் ஆகியவற்றிற்குக் கோட்டுப்படமே உரியது. எல்லைக்குப் புலப்படத்தையும் நில அளவரின் அளவையுமே ஆதாரமாகக் கொள்க.

2. பல கிராமங்களுக்குப் பொதுவான நீர்வரத்துப் பரப்பைக் காண 30 மீட்டர் கட்டப்படம் போதும்.

3. இரண்டும் வேண்டுமாயின் கட்டப்படத்தை அடியிலும் கோட்டுப்படத்தை மேலுமாக அமைத்துக் காண்க.

4. மடை மட்டம் வைத்தல், குட்டை வெட்டுதல், வாய்க்கால் வாட்டம் குறித்தல் ஆகியவற்றிற்கு லெவல் கருவியால் தரையில் அளந்த மட்டமே வேண்டும்.

5. படத்தை நம்புமுன் அது எவ்வாண்டில், எந்தக் கட்ட அளவில், எதிலிருந்து தயாரானது என்று கிராம அலுவலர்கள் கேட்டுக் குறித்துவைத்தல் நலம்.

1802-இல் பரங்கிமலையருகே லாம்டன் பெரும் நில அளவையைத் தொடங்கியபோது முதலில் தரையில் சங்கிலியிட்டே அடிக்கோட்டை அளந்தார். கருவிகள் எவ்வளவோ மாறியும், தரையோடு ஒத்துப்பார்க்காத படத்தை நம்பலாகாது என்பது மட்டும் மாறவில்லை. மழைக்காலத்திற்கு முன்னரே மட்டம் பார்த்துக் கொள்பவர் நிலத்திற்கு நீர் தவறாது.