கல்யாண வீடியோ யாருக்குச் சொந்தம்?

நம்பிக்கை: கேமரா என்னுடையது, எடுத்தவனும் நான். உரிமையும் எனக்கே.

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) இதற்கு நேர்மாறு. ஒருவர் கேட்டு, கூலி பேசி எடுத்துத் தந்த புகைப்படத்துக்கும் வீடியோவுக்கும் கேட்டவரே முதல் உரிமையாளர் என்கிறது அதன் 17-ஆம் பிரிவு. வேறுவிதமாகப் பேசி முடிவு செய்திருந்தால்தான் நிலைமை மாறும். அமெரிக்க யூடியூபர்கள் தரும் ஆலோசனையைக் கேட்டு ஏமாற வேண்டாம். அங்கே தனியாகத் தொழில் செய்பவர் எழுதிக் கொடுக்காதவரை உரிமை பெரும்பாலும் அவரிடமே இருக்கும். இங்கே எழுதிக்கொள்ளாமல் விட்டால் இழப்பு எடுத்தவருக்குத்தான். வேலை முடிந்த பிறகு உரிமையைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அதற்குக் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே கொள்ளப்படும்.

ஆகவே இன்ஸ்டாகிராமில் சாம்பிள் போடுவதற்கான அனுமதியையும் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்குங்கள்.

நம்பிக்கை: பணம் கொடுத்துவிட்டோம், ரா ஃபுட்டேஜ் முழுவதையும் சும்மா தர வேண்டும்.

பதிப்புரிமை வேறு, கோப்புகளைக் கையில் தருவது வேறு. எதை, எந்த டிரைவில், எப்போது தருவது என்பதெல்லாம் இரு தரப்பும் பேசிக்கொண்டதைப் பொறுத்தது. பெண் வீட்டார் கேட்பதில் தப்பில்லை. முகூர்த்தத்தில் தாத்தா சிரித்த அந்த நொடி எடிட்டிங்கில் போயிருக்கலாம். ஆனால் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கே 45 ஜிபி. இரண்டு கேமரா 8 மணி நேரம் ஓடினால் 720 ஜிபி. பாதுகாப்புக்கு இன்னொரு நகல் வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை டிபி. டிரைவுக்கும், நகலெடுக்கும் நேரத்துக்கும் தனி விலை சொல்வது நியாயமே. எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

நம்பிக்கை: ஒரு நாள் வேலைக்கு இவ்வளவு பணமா?

ஒரு நாள் என்பது மண்டபத்தில் கண்ணுக்குத் தெரியும் வேலை. எடுத்ததை எல்லாம் உட்கார்ந்து பார்த்து, பொறுக்கி, வெட்டி, ஒலியும் நிறமும் சரிசெய்ய ஆகும் நாட்களை யாரும் பார்ப்பதில்லை. தேய்ந்துபோகும் கருவியின் செலவும் அந்தத் தொகைக்குள்தான் அடங்குகிறது. இவற்றைத் தனித்தனி வரியாக எழுதிக் கொடுத்தால் பேரம் பேசும் குடும்பத்துக்கும் புரியும். பாக்கி முழுவதும் வந்த பிறகே இறுதி வீடியோ கைமாறும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.