நான்காவதை முதலில் போடுங்கள்

இசையமைப்பாளர் பார்டோக்கின் நான்காவது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் இசைத்தட்டு வாங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்கவில்லை. காது பழக வழி உண்டா?

உண்டு. முதல் பகுதியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது கரடுமுரடு. 1928-இல் எழுதிய இந்தப் படைப்பில் ஐந்து பகுதிகள். நான்காவதிலிருந்து தொடங்குங்கள். மூன்று நிமிடம்தான்; வாசிக்கும் நால்வரும் வில்லைத் தொடுவதே இல்லை, எல்லாம் விரலால் மீட்டுவது. தந்தி சுண்டி எழுந்து பலகையில் 'டக்'கென்று அறையும் ஒலி வருமே, அதற்குப் பெயரே 'பார்டோக் பிட்சிகாட்டோ'. என்ன துள்ளல்! அடுத்து மூன்றாவது: மற்ற மூவரும் சுரத்தை நீட்டிப் பிடித்திருக்க, செல்லோ தனியாகப் பாடும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். அப்புறம் இரண்டாவதைப் போட்டால், நான்காவதில் கேட்ட அதே கரு தலைதெறிக்க ஓடுவது காதில் படும். முதலும் ஐந்தும் இப்படியே ஒரு ஜோடி. அவற்றை அடுத்த வாரம் கேட்கலாம்.