மூணு மணி வெயில்

அன்பு மருமகள் செல்விக்கு,

மாமா எழுதுகிறேன். நீ அனுப்பிய கட்டடப் படம் வந்தது. உன் அத்தை அதைத் தெருவில் பாதிப் பேருக்குக் காட்டிவிட்டாள். மதுரையில் நாலு மாடி ஜவுளிக்கடை, அதுவும் நீ தனியாக வடிவமைக்கும் முதல் கட்டடம். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தெட்டு வருஷம் ஒரு ஜவுளிக்கடையில் எலக்ட்ரீசியனாக ஏசியோடு மல்லுக்கட்டியவன் கண்ணுக்கு, அந்தப் படம் கொஞ்சம் வயிற்றையும் கலக்குகிறது.

மேற்கு பார்த்த முகப்பு, கீழேயிருந்து உச்சி வரை கண்ணாடி. ஏம்மா, நீ இந்த ஊரில் பிறந்தவள்தானே?

நான் இருந்த கடையிலும் அப்படித்தான் கட்டினார்கள். சாயங்கால வெயிலில் சேலை மடிப்பெல்லாம் வெளுத்தது. முதலாளி உள்பக்கம் ப்ளைவுட் அடித்து அலமாரி வைத்தார், வெளிப்பக்கம் ஆடித் தள்ளுபடி பிளெக்ஸ் கட்டினார். கண்ணாடிக்குக் காசு, அதை மூடக் காசு, மூடினதால் இருட்டிய இடத்தில் லைட் போடக் காசு, அந்த லைட்டின் சூட்டை இறக்க ஏசிக்குக் காசு.

லைட்டுக்கு என்ன சூடு என்பாய். எங்கள் பட்டுப் பிரிவில் 50 வாட் ஹாலோஜன் எழுபது இருந்தது. மொத்தம் 3.5 கிலோவாட். ஒரு டன் ஏசி வெளியே தள்ளும் சூடும் ஏறக்குறைய அவ்வளவுதான். பல்பைக் குளிர வைக்கவே ஒரு டன் போய்விட்டது, கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்களுக்கு மிச்சம்தான். பிறகு அதே இடத்தில் 7 வாட் எல்இடி போட்டோம். முதல் தடவை மலிவாக வாங்கிவிட்டார்கள், அரக்கும் மெரூனும் ஒன்றாகத் தெரிந்தது. நிறத்தைச் சரியாகக் காட்டும் அளவு, அதுதான் சிஆர்ஐ, 90-க்குக் குறையாமல் எழுதிக் கேள், வெட்கப்படாதே.

மனை மேற்கு பார்த்தது, அதை மாற்ற முடியாது. ஆனால் மேற்குச் சுவரோரம் என்ன வைப்பது என்பது உன் கையில். படி, லிஃப்ட், ஸ்டாக் ரூம் எல்லாவற்றையும் அங்கே தள்ளு, வெயிலை அவை வாங்கிக்கொள்ளட்டும். கண்ணாடி கீழ்த்தளத்தில் மட்டும் போதும், அதற்கு முன்னால் ஆழமான தாழ்வாரம் இருக்கட்டும். 2017-இல் வந்த இசிபிசி என்ற கட்டட மின்சிக்கன விதியும் சுவர்ப் பரப்பில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஜன்னல் கூடாது என்றது. மேற்குக்கு எனக்கு அதுவே அதிகம்.

அதற்காக வெளிச்சமே வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் அத்தை சேலை எடுக்கும் லட்சணம் உனக்குத் தெரியும். "வெளிச்சத்துல வச்சுப் பாத்துட்டு வரேன்" என்று வாசலுக்கு ஓடுவாள், பின்னாலேயே விற்பனைப் பையனும் ஓடுவான். 1993-இல் அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் என்ற ஊரில் வால்மார்ட் ஒரு கடை கட்டியது. செலவைக் குறைக்க, பாதிக் கடைக்கு மட்டும் கூரையில் வெளிச்சத் திறப்பு வைத்தார்கள். அந்தப் பாதியில்தான் விற்பனை கூடுதலாம். பட்டுப் பிரிவை மேல் மாடிக்குக் கொண்டுபோய், வடக்கு பார்த்துத் திறப்பு வை.

வடக்கு வெளிச்சம் பத்திரம் என்று புத்தகத்தில் படித்திருப்பாய். அது நம்மைவிட ரொம்ப வடக்கே இருக்கிற ஊர்களுக்கு. மதுரையில் சித்திரை பிறந்த ரெண்டு மூணு நாளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதிலிருந்து ஆவணி பத்து வாக்கு வரை உச்சி வெயில் வடக்கேயிருந்து சாய்ந்துதான் விழும். மேலே ஒரு சன்ஷேடும் பக்கத்தில் ஒரு தடுப்பும் போட்டால் போதும். போடாமல் விட்டால் ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தின் தலையில் வெயில் இறங்கும்.

வாசலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கதவு திறந்தே இருந்தால்தான் ஆள் வரும் என்பார் உன் கடை முதலாளி. அவரோடு சண்டை போடாதே. அம்மாச்சி வீட்டில் தெருக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவே ஒரு நடை இருந்ததே, நீ ஒளிந்து விளையாடுவாயே, அதைப் போல ரெண்டு கதவு வைத்துக் கொடு. தெருவின் அனல் அந்த நடையோடு நின்றுவிடும்.

மொட்டை மாடிக்குத் தட்டோடு பதித்து வெள்ளை அடிக்கச் சொல். ஜன்னலோர லைட்டுகளுக்குத் தனி சுவிட்ச் வை. இல்லாவிட்டால் பட்டப்பகலிலும் எல்லாம் சேர்ந்தே எரியும், யாரும் அணைக்க மாட்டார்கள். நானே அணைத்ததில்லை.

எந்த மனைக்குப் போனாலும் காலையில் போய்ப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறாயாமே, உன் அம்மா சொன்னாள். காலையில் எல்லா மனையும் நல்ல மனைதான். சித்திரைத் திருவிழாவுக்கு எப்படியும் வருவாய், ஒரு நாள் முன்னதாகவே வா. பிற்பகல் மூணு மணிக்கு நாம் ரெண்டு பேரும் அந்த இடத்தில் போய் நிற்போம், குடை நான் கொண்டு வருகிறேன். அதுவரை படத்தை முதலாளியிடம் காட்டாதே.

உன் மாமா