வினா என்பது யாது?

நன்னூலார் வினாவை அறுவகையாகப் பகுத்தார். ஆசிரியன் மாணாக்கனை வினவுவது அறிவினா. மாணாக்கன் ஆசிரியனை வினவுவது அறியாவினா. ஏனையவும் இவ்வாறே கேட்போன் நிலையும் கருத்தும் பற்றி வேறுபடுவன. உரையாடலுக்கு இப்பகுப்புச் சாலும். விஞ்ஞானம் காலந்தோறும் மாறிவந்த வரலாற்றை ஆராயப் புகுவோர்க்கோ இது போதாது. அங்கே வினவுவோன் ஒருவன் அல்லன். ஒரு காலத்து அறிஞர் குழு, 'இது விடை காணத்தக்கது' என்று ஒரு பொருளை ஏற்று நிற்கின்றது. அவ்வாறு ஏற்கப்பெற்ற ஆராய்ச்சிப் பொருளையே ஈண்டு நாம் வினா என்கிறோம். வினாவெழுத்துப் பெற்ற வாக்கியத்தை அன்று.

ஒரு சான்று காண்போம். 'கோள்கள் ஆறாக இருப்பது ஏன்?' என்பது கெப்ளர் என்னும் ஜெர்மானிய வானநூலாரின் வினா. தாலமியின் கொள்கை நிலவிய நாளில் இவ்வினா எழுந்திருக்க இயலாது. ஞாயிறும் திங்களும் உட்பட அலைந்து திரிவன ஏழு என்பதே அக்காலத்துக் கணக்கு. (நம் கிழமைப் பெயர்கள் ஏழும் இன்றளவும் அக்கணக்கையே காட்டுகின்றன.) 1543-ல் கொப்பர்னிக்கஸ் ஞாயிற்றை நடுவில் நிறுத்தித் திங்களைப் பூமிக்குத் துணையாக்கிப் பூமியையும் ஒரு கோளாக்கிய பின்னரே ஆறு என்னும் எண் தோன்றியது, எண்ணோடு வினாவும் பிறந்தது.

ஆறு என்பது நிறைவெண் ஆதலின் அத்தொகை அமைந்தது என்றார் கொப்பர்னிக்கஸின் மாணாக்கர் ரெட்டிக்கஸ். கெப்ளர் இதனை ஏற்றிலர். எண்ணின் சிறப்புக் காரணமாகாது, வடிவ கணிதமே காரணம் கூறவல்லது என்பது அவர் துணிபு. 1595-ல் கிராட்ஸ் நகரில் கணிதம் கற்பித்துவந்த அவர்க்கு அகவை இருபத்துமூன்று. நம்மவரினும் சில ஆண்டே மூத்தவர். முகங்கள் எல்லாம் ஒத்த ஒழுங்கான கனவுருவங்கள் ஐந்தே உள. ஆறு கோளங்களுக்கு இடைவெளிகளும் ஐந்தே. சனிக்கும் வியாழனுக்கும் இடையே கனசதுரம், வியாழனுக்கும் செவ்வாய்க்கும் இடையே நான்முகி என இவ்வாறு ஐந்தனையும் பொருத்தி, 1596-ல் நூலாக வெளியிட்டார். 1610-ல் கலிலியோ புதியன நான்கு கண்டார் என்ற செய்தி எட்டியபோது, தம் கட்டடம் சரியுமோ என அவர் அஞ்சினார். அவை வியாழனின் துணைக்கோள்கள் என அறிந்த பின்னரே அச்சம் தீர்ந்தது.

1781-ல் ஹெர்ஷல் ஏழாவது கோளைக் கண்டார். வினா அன்றே மடிந்தது என்பர் சிலர். நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. தொகை தவறியது மட்டுமே குறையாயின், 'ஏழு ஏன்?' என்று எண்ணை மாற்றிக்கொண்டு வினா வாழ்ந்திருக்கலாம். 1687-ல் வெளிவந்த நியூட்டனின் இயக்க விதிகள் கோள் எத்தனையாயினும் பொருந்துவன. அவை ஒரு தொகையை வேண்டுவன அல்ல. ஆகவே தொகைக்கு வடிவ கணிதக் காரணம் உண்டென்னும் அடிக்கோள் முன்னரே தளர்ந்துவிட்டது. வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. விடை வேண்டும் என்னும் நிலையே ஒழிந்தது. இன்று கோள்கள் எட்டு என்பர். ஏன் எட்டு எனின், ஆதியில் ஞாயிற்றைச் சூழ்ந்த வாயுவும் தூசியும் திரண்ட வரலாற்றைக் கூறுவர். அது வேறு வினா, வாக்கியம் ஒத்திருப்பினும்.

இலக்கணத்தார் எழுவகை வழுக்களுள் வினாவழுவையும் வைத்தனர். பால் கறந்துகொண்டிருக்கும் எருமையைக் காட்டி, இது பால் தருவதோ சினையுற்றதோ எனக் கேட்பது அதற்கு எடுத்துக்காட்டு. கெப்ளரின் வினாவும் வழுவோ? இன்று கேட்பின் வழுவே, 1596-ல் வழுவன்று. ஏற்கப்பெற்ற கொள்கையும், எத்தகைய விடை தக்கது என்னும் உடன்பாடும் ஆகிய இரண்டுமே வினாவைத் தாங்குவன. அவை காலத்தால் மாறுதலின் வழுவும் காலத்தால் மாறும்.

ஒழிந்த வினாவின்மேற் செலவான உழைப்பு வீணாயிற்றோ என்பது எளிதில் தீர்வதன்று. கோள்களின் தூரங்களுக்குக் காரணம் தேடியதை கெப்ளர் விட்டாரல்லர். அத்தேடலிடையே, ஒரு கோள் ஞாயிற்றைச் சுற்றும் காலத்தின் வர்க்கம் அதன் தூரத்தின் கனத்தோடு ஒத்த விகிதமுடையது என்னும் விதியைக் கண்டு, 1619-ல் வெளியிட்டார். இரண்டாண்டு கழித்து, அந்த ஐந்து உருவங்களையும் விடாமல், தம் இளமை நூலைக் குறிப்புரைகளோடு மீண்டும் அச்சிட்டார்.